நடந்துகொண்டே விடை சொல்லவும்

மாலை ஐந்து மணிக்குப் பிறகு வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த இனத்தை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. இருந்தாலும் முறைப்படி அறிவித்துவிடுகிறேன்: இவர்தான் நடைச் சோதனையாளர். மெரீன் டிரைவ் நடைபாதையில் முன்னால் வயதான ஒருவர் நடப்பார். அரை அடி பின்னால், கையில் போனும் கக்கத்தில் ஒரு கடதாசிக் கோவையுமாக, கோழியைக் கூட்டில் அடைக்க விரட்டுகிறவரைப் போல இன்னொருவர் வருவார். பின்னால் வருகிறவரைக் கவனியுங்கள். வாய் ஓயாது.

"நூறில ஏழு போனால்? அதில ஏழு போனால்? நிக்காதேங்கோ, நடந்துகொண்டு சொல்லுங்கோ!"

இந்த இனம் எங்கிருந்து வந்தது? டொக்டர்மாரின் நல்லெண்ணத்தில் இருந்து வந்தது. வயது போனவர்களுக்கு ஞாபகம் தளரத் தொடங்கினால் உடம்புக்கும் மூளைக்கும் ஒன்றாக வேலை கொடுங்கள், நடக்கும்போது கதைக்க விடுங்கள், பாட விடுங்கள், மரக்கறிப் பெயர் சொல்ல விடுங்கள், பந்தை எறிந்து பிடித்தபடி எண்ண விடுங்கள், எதையும் சந்தோஷமாகச் செய்யட்டும் என்று டொக்டர் சொல்வார். நம்மாள் கடைசி வசனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் சோதனை, பிறகு ஓ.எல்., பிறகு ஏ.எல்., விடிய ஐந்து மணிக்கு ரியூசன், பத்து வருடத்துப் பழைய வினாத்தாள் என்று வளர்ந்த சனம் நாங்கள். எங்களுக்கு ஒரு நோய் வருத்தத்தைக் கொடுத்தால் அதற்கும் பாடத்திட்டம் கேட்போம்.

எங்கள் மாடிக்குடியிருப்பில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் கஜேந்திரன். ஐம்பத்துமூன்று வயது, காப்புறுதிக் கொம்பனியில் முகாமையாளர். தன்னுடைய வயிற்றைக் குறைக்க அவர் ஒருநாளும் நடந்தது கிடையாது. மாமனார் பாலசுந்தரத்துக்காக நடக்கிறார். பாலசுந்தரம் ஐயா புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் வழக்கேடு எழுதும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஒரே காலையில் மூன்றுதரம் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வந்தார். மூன்றாவது பாணோடு டொக்டரிடம் கூட்டிப் போனார்கள்.

அடுத்த நாளே கஜேந்திரன் முப்பது புள்ளிக்கு ஒரு வினாத்தாள் தயாரித்தார். சிவப்புப் பேனை வாங்கினார். ஒரு சட்டமும் போட்டார்: இருபதும் அதற்கு மேலும் எடுத்தால் மறுநாள் காலை மாமா தனியாகக் கடைக்குப் போகலாம். குறைந்தால் போக முடியாது. வேறு யாருக்கும் இது பெரிய விஷயமில்லை. ஆனால் முனையில் இருக்கும் இப்திகாரின் கடைக்குப் போய், "லிகிதர் ஐயா, வாங்க" என்ற வரவேற்பை வாங்கிக்கொண்டு, பேப்பரின் தலைப்பை வாசித்து அரசாங்கத்தை நாலு வார்த்தை ஏசிவிட்டு வருவதுதான் அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்த ஒரே உத்தியோகம். அதுவும் போனால் சாய்மனைக் கதிரையோடு சரி என்று அவருக்குத் தெரியும். எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் நான் இவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

"மாமா, 'க'வில தொடங்கிற மரக்கறி ஐஞ்சு. இடது கால் வைக்கேக்க ஒண்டு."

"கத்தரிக்காய்... கரட்..."

"கரட் வலது காலில விழுந்திட்டுது. முதல்ல இருந்து."

"தம்பி, கொஞ்சம் நிண்டு கடலைப் பாக்கட்டோ?"

"கடல் சிலபஸில இல்லை மாமா."

அன்று பதினான்கு. மறுநாள் பன்னிரண்டு. இரண்டு வாரம் கஜேந்திரனே போய்ப் பேப்பர் வாங்கி வந்தார், தலைப்பை வாசிக்காமலேயே.

வீட்டுக்கு வருகிறவர்களையும் இந்த இனம் சும்மா விடாது. முந்திரிகைப் பழத்தோடு வாசலில் நிற்கிறவரைப் பிடித்து நிறுத்தி, "மாமா, இவர் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?" என்று கேட்கும். வந்தவர் அடையாள அணிவகுப்பில் நிற்கும் சந்தேகநபரைப் போலப் பையோடு நிற்பார். ஐயா அவருடைய முகத்தைப் பார்ப்பார், பழத்தைப் பார்ப்பார், மகள் ரூபிகாவின் முகத்தைப் பார்ப்பார். உதவிக்கு யாரும் வரக்கூடாது. சோதனை நடக்கிறது அல்லவா?

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மூன்றாவது வாரம் இருபத்திரண்டு. அதற்கடுத்து இருபத்தைந்து. பிறகு இருபத்தெட்டு! கஜேந்திரன் குளிர்சாதனப் பெட்டியில் புள்ளி வரைபடம் ஒட்டினார். வாட்ஸப்பில் ரொறன்ரோ உறவுகளுக்கு அனுப்பினார், அங்கிருந்து கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. லிஃப்டில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் மூளை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். நான் படியால் போகப் பழகினேன்.

மூன்று மாதம் கழித்துக் கோவையும் வரைபடமுமாக டொக்டரிடம் போனார்கள். அங்கே நடந்ததை ரூபிகா சிரித்தும் அழுதும் எனக்குச் சொன்னார்.

டொக்டர் சாதாரணமாகக் கேட்டாராம்: "ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?"

ஐயாவின் வலது கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது. போன கையை டொக்டர் பார்த்துவிட்டார். பையில் இருந்து கடதாசித் துண்டுகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. எல்லாம் லிகிதர் கையெழுத்து, நெருக்கி, கோடு போட்டு, இலக்கமிட்டு.

"மாமா! கொப்பி அடிச்சனீங்களோ?" கஜேந்திரன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"எழுத்தில இல்லாதது கோர்ட்டில நிக்காது தம்பி," என்றார் ஐயா. "நீங்கள் நாளைக்கு என்ன கேப்பீங்கள் எண்டு யோசிப்பன். பிறகு பிள்ளையோட போய் விசாரிப்பன். மரக்கறிக்கு மார்க்கெட். ரெயில் நேரத்துக்கு ஸ்டேசன். திதிக்குக் கோயில் ஐயர். எழுதினதைப் படியில ஏறி இறங்கிப் பாடமாக்குவன்."

பிள்ளை, அதாவது ரூபிகா, அந்த நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஐயா?"

"ரெண்டு மணித்தியாலம் வரும்."

டொக்டர் சிரித்துவிட்டார். "மிஸ்டர் கஜேந்திரன், நான் செய்யச் சொன்னது இதைத்தான். நீங்கள் நடத்தினது சோதனை. பயிற்சி உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கு. போன ஞாபகம் திரும்பி வராது, அதை மறைக்கேல்லை. ஆனா மூண்டு மாசத்தில மேலும் குறையேல்லை. அவரைச் சோதனை இல்லாமல் கடைக்குப் போக விடுங்கோ. விலாசமும் போன் நம்பரும் பையில இருந்தால் போதும்."

பிறகு ஒரு துண்டை எடுத்து வாசித்து, கஜேந்திரனிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது: 'பின்னால் நடப்பவர் கஜேந்திரன். மருமகன். சத்தம் போடுவார். கோபம் அல்ல, பயம். நல்ல பிள்ளை.'

கஜேந்திரன் அதை இரண்டுதரம் வாசித்தார். கோவையை மூடினார். வீடு வரும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பெயரையே மாமா துண்டில் எழுதி வைத்திருக்க வேண்டி வந்துவிட்டதே என்று அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அன்றைக்கு அவர்மேல் எனக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது.

மறுநாள் காலை வரைக்கும்தான். ஐயா தனியாகக் கடைக்குப் போய்ப் பேப்பரோடு திரும்பினார். மூச்சு வாங்க வாங்க அவருக்குப் பின்னாலேயே படியேறி வந்த கஜேந்திரன் வாசலில் மறித்துக்கொண்டார். பழக்கம் லேசில் விடுமா?

"மாமா, போற வழியில எத்தினை ஓட்டோ நிண்டது?"

"மூண்டு," என்றார் ஐயா. "கடைசி ஓட்டோவுக்குப் பின்னால நீங்கள் நிண்டீங்கள்."

முழுப் புள்ளி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அந்த இனமில்லை, என்னிடம் சிவப்புப் பேனை கூட இல்லை என்கிறீர்கள். சரி. கடைசியாக வயதான ஒருவரைப் பார்க்கப் போனபோது, செருப்பைக் கழற்ற முன்னமே, "என்னைத் தெரியுதோ? நான் ஆர் சொல்லுங்கோ?" என்று கேட்டீர்களா இல்லையா? நானும் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, விடை வரவில்லையென்றால் எவ்வளவு ஆசையோடு மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கிறோம்! அடுத்த முறை பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே போங்கள். நீங்கள் வருவதாகக் கேள்விப்பட்டதுமே அவர் உங்கள் பெயரை எழுதிப் பாடமாக்கி இருப்பார். பெயருக்குப் பக்கத்தில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று மட்டும் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.