சீனாவை நான் முடக்கிய நாள்

வெளியுறவுக் கொள்கை பேச இரண்டே தகுதி போதும். கையில் ஒரு போன், எதிர்க்கேள்வி கேட்காத நாலு பேர். எனக்கு இரண்டும் இருந்தன. அதுதான் கேடு.

அப்போது விழுப்புரத்தில் அரசுத் தேர்வுக்குத் தயார் செய்யும் மையத்தில் நடப்பு நிகழ்வுகள் வாத்தியார் நான். பிள்ளைகள் என்னை ‘சீனா சார்’ என்பார்கள். (முகத்துக்கு நேரே சொன்னது. முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்களோ.) இலங்கையில் எந்தத் துறைமுகம், திபெத்தில் எந்தச் சாலை, பெய்ஜிங்கில் யார் மனதில் என்ன, எல்லாம் எனக்கு விரல்நுனியில். சீனாவைப் பார்த்திருக்கிறேனா? வடக்கே சென்னை வரைக்கும் போயிருக்கிறேன்.

பார்த்தவள் திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் தங்கை செல்வி. சீனாவில் மூன்றாம் வருட மருத்துவம் படித்தவள், லீவுக்கு வந்த இடத்தில் கொரோனாவால் மாட்டிக்கொண்டாள். அங்கே எட்டு மணி வகுப்புக்கு இங்கே ஐந்தரைக்கே எழுந்து உட்காருவாள். வகுப்பு அறிவிப்பு, பரீட்சைத் தேதி, வாத்தியார்களிடம் சந்தேகம் கேட்பது, கூடப் படிப்பவர்களிடம் பேசுவது, எல்லாம் ஒரே ஒரு சீன ஆப்பில்தான்.

அந்த ஜூனில் லடாக் எல்லையில் நம் வீரர்கள் செத்தார்கள். நிஜமாகவே அழுதேன். அதோடு நின்றிருந்தால் நான் மனுஷன். ‘சீன ஆப் இல்லாத வீடு’ என்று வீடியோ போடக் கிளம்பினேன். செல்வி குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்து, நாட்டுப்பற்றோடு முழங்கி, அந்த ஆப்பைத் தூக்கிவிட்டேன். வீடியோ எடுத்தது என் போனில். (அது எந்த நாட்டுப் போன் என்று கேட்காதீர்கள்.)

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

“என் போனை வச்சிக்கினு இன்னாண்ணா பண்ற?”

“சீனாக்காரன் ஆப்பைத் தூக்கிட்டேம்மா. நாட்டுக்காக.”

துண்டைப் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினாள். ஆப்பை மறுபடி இறக்கினாள். உள்ளே போக, சீன சிம்முக்கு வரும் ஓ.டி.பி. எண் வேண்டும் என்றது. அந்த சிம் சீனாவில், ஹாஸ்டல் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

“ஒரு ஆப்புக்கா இவ்ளோ பேஜாரு பண்ற? வேற வழி இருக்கும்,” என்றேன். நாலாம் நாள் அரசாங்கமே அந்த ஆப்பைத் தடை செய்தது. டெல்லி என் பேச்சைக் கேட்டுவிட்டதாக மாணவர்களுக்கு மார்தட்டினேன்.

செல்வியோடு படித்த மற்ற பிள்ளைகளின் போனில் அது தடைக்குப் பிறகும் சில வாரம் ஓடியிருக்கிறது. பரீட்சை முன்கூட்டியே நடக்கும், இன்ன வழியில் எழுதணும் என்ற அறிவிப்பு அந்தச் சில வாரத்தில்தான் வந்தது. செல்வி அனுப்பிய மெயில்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் ஒன்று வந்தது: பரீட்சைக்கு வரவில்லை, அடுத்த வருடப் பிள்ளைகளோடு அதே வருடத்தை மறுபடி படிக்கவும்.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திக் கத்தி, வீட்டில் பேசவே மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

“அவ படிப்புல சீனாக்காரன் கை வைக்கலடா. நீதான் வச்ச.”



இன்றைக்குச் செல்வி விழுப்புரத்தில் பயிற்சி டாக்டர். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஒரு வருடம் முன்னாலேயே முடித்துவிட்டார்கள். அதில் ஒருத்தி இப்போது இவளுக்கு மேலே இருந்து வேலை ஏவுகிறாள். இரண்டு நாட்டுத் தலைவர்களும் கை குலுக்கியாயிற்று, விமானம்கூடப் பறக்கிறது. எங்கள் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.

நான் உள்ளே நுழைந்தால் போதும், “வெளியுறவு மந்திரி வந்துட்டாரு, போனையெல்லாம் ஜல்தியா எடுத்து உள்ள வைங்க” என்பார் சித்தப்பா. என் ஆறு வயது மகள்கூட என்னை மந்திரி என்றுதான் கூப்பிடுகிறாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும்தான். செல்வி மட்டும் சிரிக்காமல் எழுந்து, தன் போனை நிஜமாகவே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.