இளந்தாரி அண்ணையின் இரண்டு வயது

பொலிசுக்குப் பயந்து தேகப்பயிற்சி செய்தவர் நோர்வேயிலேயே ஒருவர்தான் இருக்கமுடியும். அவர் ஹவுகன்ஸ்டுவா என்ற புறநகரில் எங்கள் அடுக்குமாடியின் நாலாம் மாடியில் இருக்கும் இளந்தாரி அண்ணை.

இளந்தாரி, அதாவது வாலிபன், என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். முப்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனின் பாஸ்போர்ட்தான் மிச்சம் இருந்ததாம். அண்ணை மீசையை வழித்துவிட்டு அந்தப் பெடியனாக வந்து இறங்கினார். இங்கேயும் அதே பிறந்த திகதியை எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது கடதாசியில் ஐம்பத்தெட்டு, உடம்பில் அறுபத்தொன்பது. உடம்பு காட்டிக்கொடுத்தால் பொலிஸ் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடும் என்று பயம். தமிழ்ச் சனம் முழுக்க அறிந்த இந்த இரகசியத்தை அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிவந்தார்.

தலைக்கு மட்டுமல்ல, புருவத்துக்கும் மை பூசுவார். அடுத்த பஸ் ஐந்து நிமிடத்தில் வரும் என்று தெரிந்தும் போகிற பஸ்ஸைத் துரத்துவார். ஒருநாள் ரயிலில் ஒரு பிள்ளை எழும்பி அவருக்கு இடம் கொடுத்துவிட்டது. அண்ணை அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்து வந்து சேர்ந்தார்.

லிப்டில் ஏறமாட்டார். படியில் மூச்சு வாங்குவது தெரியாமலிருக்க ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவுகளிலுள்ள பெயர்களை வாசிப்பார். அதனால் எங்கள் கட்டடத்தில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது தபால்காரரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவருடைய மனைவி உண்மையான பத்திரத்தோடு வந்தவர். அரசாங்கக் கணக்கில் புருசனைவிட ஆறு வயது மூப்பு.

"பெடியனைக் கட்டினதாலை எனக்கு இஞ்சை நல்ல மரியாதை, தம்பி," என்பார் அக்கா. "பக்கத்து வீட்டு நோர்வேக்காரி என்னைக் கண்டால் கண்ணடிக்கிறாள்."

போன மார்கழியில், பனிக்கட்டியில் வழுக்காமல் சப்பாத்துக்குக் கீழே மாட்டும் முள் ஒரு சோடி அண்ணைக்கு வாங்கிக் கொடுத்தேன்.

"உது கிழவங்கள் மாட்டுறது. எனக்கென்ன வயசு?"

"எந்த வயசைக் கேக்கிறியள், அண்ணை?"

முள்ளைத் திருப்பித் தந்துவிட்டு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்கு முன்னால் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு போய் விழுந்தார். பஸ் நின்றது. அண்ணை நிற்கவில்லை, அதையும் தாண்டி வழுக்கிக்கொண்டே போனாராம்.

சேதி கேட்டு ஓடிப்போய் நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். நோவு வந்தவுடன் அவருடைய நோர்வே மொழி ஓடிவிட்டதால் மொழிபெயர்ப்பாளரும் நான்தான். டொக்டர் ஓர் இளம் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். முறிவு இல்லை, ஆனால் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு முழங்கால் மூட்டு இவ்வளவு தேயக்கூடாது, ஏதோ பெரிய வருத்தம் இருக்கலாம், என்றார். இரத்தம், எலும்பு, ஸ்கேன் என்று சோதனைகளை அடுக்கிக்கொண்டே போனார்.

அண்ணைக்கு வியர்த்துவிட்டது. என் கையைப் பிடித்தார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"தம்பி, சொல்லிப்போடட்டே? அனுப்பிப்போடுவாங்களோ?"

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகு ஆர் அண்ணை அனுப்புறது?"

"அப்ப சொல்லு. மெல்லமாச் சொல்லு."

பூட்டிய அறைக்குள் நான் குசுகுசுத்தேன். டொக்டர் எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தார். அறுபத்தொன்பதுக்கா? அருமையான மூட்டு! தனக்கு முழங்கால் மட்டும்தான் வேலை, பாஸ்போர்ட் இல்லை, இங்கே சொன்னது இந்த அறையைத் தாண்டாது என்றார். நாளாந்தம் நடக்கட்டும், பஸ்ஸை மட்டும் துரத்தவேண்டாம். வருத்தக்காரராக உள்ளே போன மனிதர் பத்து நிமிடத்தில் சுகதேகியாக வெளியே வந்தார்.

கார் நிறுத்திய இடம் முழுக்கப் பனிக்கட்டி. அண்ணை வாசலிலேயே நின்றார். நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்த முள்ளுச் சோடி எங்கை?"

காரில்தான் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து அவர் காலடியில் குந்தினேன். நோகிற காலை மட்டும் நீட்டினார்.

"இதுக்கு மட்டும் மாட்டு. மற்றதுக்கு இன்னும் ஐம்பத்தெட்டுத்தான்."

நான் இரண்டு காலுக்கும் மாட்டிவிட்டேன். அந்தப் பெடியனும் இந்தக் கிழவரும், இரண்டு பேருமே விழாமல் வீடு வந்து சேரவேண்டும் எனக்கு.