நேரே போகிற பொத்தான்

திருநெல்வேலிச் சீமையில் எதையும் தேர்ந்தெடுக்காமலே வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் ‘நேரே’ அண்ணாச்சிதான். ஓட்டலில் சர்வர் வாயைத் திறந்ததுமே, “மொதல்ல என்ன சொன்ன? அதக் கொண்டா” என்பார். தச்சநல்லூருக்குப் புறப்பட்டவர், முதலில் வந்த பஸ்ஸில் ஏறி சீவலப்பேரியில் இறங்கியிருக்கிறார். “ஆத்துல தண்ணி நல்லாக் கெடக்குவே” என்று ஈரத் தலையோடு திரும்பி வந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் அவர் இன்டர்நெட் சென்டர் வைத்தார். அப்போது புதிதாக வந்திருந்த ஒரு தேடுதளத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால், கிடைத்த பக்கங்களின் பட்டியல் வரும். மற்றதை அழுத்தினால் பட்டியலே வராது. முதல் பக்கம் நேரே திறந்துவிடும். அண்ணாச்சிக்கென்றே செய்த பொத்தான் அது. நாம் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து கையை நீட்டி அதை அழுத்திவிடுவார்.

“பட்டியலப் பாத்துட்டுப் போவமே அண்ணாச்சி” என்பேன். அந்தக் கடையே கதியென்று கிடந்த நான், எதையும் வரிசையாகப் பார்ப்பவன்.

“லிஸ்டு வாரதுக்குள்ள போன் லைன் அந்துரும். நேரே போவும்வே!”

மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற கடையில், வந்தவர்களைச் சீக்கிரம் கிளப்பிவிட்ட முதலாளியும் அவர் ஒருவர்தான்.

வாழைக்காய் வியாபாரி ஒருவர் வெளிநாட்டில் வாழைப்பழத்துக்கு என்ன விலை என்று பார்க்க வந்தார். அண்ணாச்சி அழுத்தினார். பக்கம் பைய இறங்கியது. திரை நிறையக் குரங்கு.

“அண்ணாச்சி, நான் தாரு வெல கேட்டேன். கொரங்குல்லா வருது?”

“அதாம்வே வாங்குத பார்ட்டி. வெலயப் பேசும்.”

இப்படி இருக்கையில்தான் கிரேஸ் டீச்சர் வந்தார். துபாய்க்குப் போன தம்பி ஜெபராஜ் வேலை மாறியதிலிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. பெயரைத் தட்டினார். அண்ணாச்சியின் கை நீண்டது. மலேசியாவில் கார் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஜெபராஜ், நரைத்த மீசையோடு சிரித்தார்.

“தம்பி கொஞ்சம் தடிச்சிட்டாரோ?”

“எந்தம்பிக்கு இன்னும் கல்யாணமே ஆவல அண்ணாச்சி. இவரு மடியில பேரப்பிள்ள இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. “அம்மா படுக்கைல கெடக்கா. அவன் குரலக் கேக்காமப் போயிருவமோன்னு தெனமும் அழுதா” என்றார்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டியல் வருகிற பொத்தானை அழுத்தினார். அன்று வேறு யாரையும் உள்ளே விடவில்லை. ஒவ்வொரு ஜெபராஜாகத் திறந்து பார்த்தார். டீச்சர் தலையை ஆட்ட ஆட்ட மூடினார். லைன் அறுந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அறுந்தது.

“அண்ணாச்சி, நாளைக்குப் பாப்பமே” என்றேன்.

“நீரு சோறு திங்கப் போவும்வே.”

போனேன். சாப்பிட்டுத் திரும்பி வந்தபோதும் இருவரும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். துபாயில் ஏதோ ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுப் படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி வந்தது, கண் வந்தது. மூக்கு வருவதற்குள் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். படத்துக்குக் கீழே சபையின் போன் நம்பர் இருந்தது.

டீச்சர் உடைந்து அழுதார். “அழுங்க டீச்சர், நல்லா அழுங்க. கீபோர்டு மட்டும் நனையப்பிடாது” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் விரித்தார் அண்ணாச்சி.

பட்டியலுக்காக அவரோடு வாதாடுவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.