நாய் பார்க்கும் படலம்

இந்த முறை என் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வரவே கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் எதையும் மறுக்க மாட்டார். கேட்டவுடனே "அதுக்கென்ன, வாங்கிடலாம்" என்பார். பிறகு நானே வேண்டாம் என்று கதறுகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்வார். தையல் மெஷினுக்கு மோட்டார் கேட்டேன். மோட்டாரில் ஷாக் அடித்து விரல் கருகிய ஒரு அம்மாவை வீட்டுக்கே கூட்டிவந்து, என்னையே காபி கொடுக்க வைத்தார். இன்றுவரை காலால்தான் மிதிக்கிறேன்.

நாய் விஷயத்தை அப்படி விட முடியாது. அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஊர் ஊராகப் போய்விடுவார். போன மாதம் பட்டப்பகலில் எதிர்வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து குக்கர் கத்தினால் நானும் கத்துகிறேன். தபால்காரர் இரண்டு முறை என் துடைப்பத்திடமிருந்து தப்பியிருக்கிறார்.

நாய் என்றாலும் எனக்குப் பயம்தான். திருடனையும் நாயையும் தராசில் போட்டுப் பார்த்தேன். திருடன் அரை கிலோ அதிகம்.

"நாய்கள் காப்பகத்துல போய் ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று அவர் சிரித்தார். மோட்டார் கேட்டபோதும் இதே சிரிப்புத்தான்.

காப்பகத்துக்கு கேட் இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. கந்தல் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே காலை வைத்ததும் நாற்றம் எதிரே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனது. இரண்டு பக்கமும் கூண்டுகள். ஒன்றில் நாய் மேல் நாய், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. தண்ணீர்த் தொட்டிகளில் காய்ந்த பாசி. எல்லா நாயும் சேர்ந்து குரைத்ததில் என் காதுத் தோடு அதிர்ந்தது.

அந்தச் சத்தத்திலும் காவல்காரர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினோம்.

"இதுல எதுப்பா கடிக்கும்?" என்றேன்.

"கடிச்சாத்தாம்மா தெரியும்."

"ஊசி போட்டாச்சா?"

"எனக்கா, நாய்க்கா?"

"நாய்க்குத்தான்!"

"எனக்குப் போட்டாச்சும்மா. நாலு தடவை."

தோளில் தொங்கிய பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதே. வாயில்லா ஜீவன்."

"முக்காவாசி வாயாத்தாங்க தெரியுது!"

"நான் இருக்கேன்ல? ரொம்பப் பயமா இருந்தா சொல்லிடு, போயிடலாம்."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் காவல்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அந்தப் பெரிசைக் காட்டுப்பா."

காவல்காரர் கடைசிக் கூண்டின் கதவை இழுத்தார். கதவு கையோடு வந்துவிட்டது.

வெளியே வந்தது ஒரு கறுப்பு நாய். கன்றுக்குட்டி உயரம், பாதிக் காது. 'நான் இருக்கேன்' என்றவரைத் திரும்பிப் பார்த்தேன். இல்லை. காலியாக இருந்த கூண்டுக்குள் பாய்ந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டிருந்தார். க்ளிக். வெளியிலிருந்து மட்டும் திறக்கிற தாழ்ப்பாள். அந்த இடத்திலேயே ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

எனக்குக் கால் நகரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஒரு நினைப்பு. சூடான மூச்சு முழங்காலில் பட்டது. பிறகு பையில் ஒரு இழுப்பு. மெல்லக் கண்ணைத் திறந்தேன். பையில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை அது நக்கிக்கொண்டிருந்தது. விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. நடுங்குகிற கையால் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினேன். குடித்தது. அதற்கும் நடுக்கம்.

குடித்து முடித்ததும் என் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் கம்பி வழியாக விரலை நீட்டித் தாழ்ப்பாளைத் துழாவினார்.

உர்ர்ர்.

விரல் உள்ளே போய்விட்டது.

"யோவ், வந்து தெறய்யா!"

"அது அங்கே இருக்கிற வரைக்கும் நான் வர மாட்டேன் சார்" என்றார் காவல்காரர், கதவைக் கேடயம் போலப் பிடித்தபடி. "நீங்கதானே போன்ல சொன்னீங்க, 'அம்மா பார்த்ததுமே ஓடணும், இருக்கிறதுலயே பயங்கரமா ஒண்ணைக் காட்டு'ன்னு? ஓடப்போறது நீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பயம் அப்படியே கால் மேல் கனத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவே ஒரு யோசனையும் வந்து உட்கார்ந்தது.

"என்னங்க, நீங்க நினைச்சது சரிதான். பயமா இருக்கு. நாய் வேண்டாம். வாங்க, போயிடலாம்."

"நான் எப்படிடி வர்றது?"

"ஏம்பா, இதைத் திரும்ப உள்ளே விட்டுடேன்."

"கதவு என் கையில இருக்கும்மா, எதுக்குள்ள விடறது? நீங்க கூட்டிட்டுப் போனா உண்டு. இல்லேன்னா அது தூங்கினப்புறம் சாரை எடுக்கிறேன். நேத்து தூங்கலை."

"அப்ப சரி. நான் முன்னாடி போறேங்க."

"ஏய், போயிடாதே! நல்ல நாய்டி. பாரு, என்ன அடக்கம்!"

"உங்க சோபாவுல ஏறிப் படுக்குமே?"

"படுக்கட்டும்!"

"யாரு குளிப்பாட்டறது?"

"நான் குளிப்பாட்டறேன்! தாயே, எனக்கு இந்த நாய் வேணும்!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இப்படி வாய்விட்டு என்னிடம் எதையும் கேட்டதில்லை. மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

வாடகைக் கார்க்காரர் நல்ல மனுஷர். "நாயை ஏத்திக்கிறேம்மா. ஆனா அது யாரைப் பார்த்து உறுமுதோ, அவரை ஏத்த மாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரரை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

வீட்டில் நான் செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, நாய்க்கும் வைத்து வெகு நேரம் கழித்து அழைப்பு மணி அடித்தது. வழக்கம்போல என் கை துடைப்பத்தைத் தேடியது. நாய் எழுந்து எனக்கு முன்னால் போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

"யாரு?" என்றேன்.

"நான்தான்டி. கதவைத் திற."

நாயைப் பார்த்தேன். அது யோசித்துக்கொண்டிருந்தது.