ஏரியை மறைத்த நிதானம்

குற்றச்சாட்டு வருமாறு: சென்ற மே மாதம் ஒன்பதாம் நாள் பிற்பகல், கண்டத்தின் ஒரு கரையில் புறப்பட்டு மறு கரைக்கு ஆற அமர ஊர்ந்து செல்லும் சொகுசு ரயிலில், நிதானப் பயணி என்னும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஏரி ஒன்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளக்கும் பொருட்டு, அந்த ஏரிக்கும் ஒரு பெண்மணிக்கும் நடுவே எழுந்து நின்று, விளக்கம் முடிவதற்குள் ஏரியை முடித்துவிட்டார்.

வாசகரே, இவ்வினத்தைத் தாங்கள் அறியாதவர் அல்லர். விமானத்தில் போகிறவர்களை அவர் பயணிகள் என்று சொல்வதில்லை, பார்சல்கள் என்பார். வண்டி ஏறியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, நாலு பேர் பார்க்கும்படி பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். பிறகு மணி என்ன என்று அந்த நாலு பேரையும் மாறி மாறிக் கேட்பார். பித்தளைப் பிடி போட்ட கதவு, வெள்ளைத் துணி விரித்த மேசை, தலைக்கு ஒன்றும் காலுக்கு ஒன்றுமாகத் தலையணை, கூப்பிட்ட குரலுக்குப் பணியாள் என்று சகலத்தையும் அனுபவித்தபடியே எளிமையைப் பற்றிப் பேசுவார். "போய்ச் சேர்றதா முக்கியம்? போறதுதான் முக்கியம்" என்பது அவர் ஓயாமல் ஓதும் மந்திரம். சிக்னலுக்காக வண்டி நின்றால் அவருக்குப் புல்லரிக்கும். ஆனால் மதிய உணவு சற்றே தாமதிக்கட்டும், பார்க்கலாம். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்குச் சொல்பவர், பந்திக்கு மட்டும் விரைவு வண்டி.

இருந்துவிட்டுப் போகட்டுமே, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்கிறீர்களா? கேளுங்கள்.

நட்டப்பட்டவர், நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார். அவருடைய கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எதையும் நின்று பார்த்ததில்லை, கடற்கரைக்கு அழைத்துப் போனாலும், மணலில் உட்காருவதற்குள் "கிளம்பலாமா?" என்பார். அப்படிப்பட்டவரை ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்த்திவைத்து, வாய் பேசாமல், ஒரு காட்சியை இருவருமாகப் பார்த்துவிட வேண்டும். அம்மையாரின் ஆசை அவ்வளவே. அதற்காகவே வழித்தட வரைபடத்தை வரவழைத்து, ஏரி எந்தப் பக்கம் வரும் என்று நிர்வாகத்தை எழுத்துமூலம் வினவி, வந்த பதிலுக்குப் படியெடுத்துக் கைப்பையில் பத்திரப்படுத்தி, இடப்பக்க ஜன்னலோர இருக்கைகளைப் பதிவு செய்திருந்தார்.

எதிர் இருக்கையில் யார் வருவார் என்பதை மட்டும் வினவ மறந்துவிட்டார்.

ஆயுள் முழுதும் அலறிக்கொண்டு ஓடியவரிடம் அவசரம் பாவம் என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் எப்படி இருக்கும்? தேனாக இனித்தது. நிதானப் பயணிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சீடராகிவிட்டார். காப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு அது ஆறுவதையே ரசிக்கப் பழகினார். மனைவி ஜன்னலைக் காட்டினால், முதலில் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பார், அப்போதுதான் சரியாகப் பார்க்க வரும் என்றார்.

ஏரி வந்தது. நிதானப் பயணி எழுந்தார். விசாலமான மனிதர், அவரும் ஜன்னலும் ஏறக்குறைய ஓர் அளவு.

"கொஞ்சம் நகருங்க சார், ஏரி போயிடும்."

"ஏரி எங்கம்மா போகப்போகுது? வண்டியே நடந்துதான் போகுது. அவசரப்படாதீங்க."

ஏரி போகவில்லைதான். வண்டி போய்விட்டது. முதலில் கரையோர நாணல், அடுத்து தண்ணீரின் நிறம், அதற்கப்புறமே நடு ஏரி. எடுத்த எடுப்பில் நடு ஏரியைப் பார்ப்பது சுற்றுலாக்காரன் புத்தி என்று அவர் வகுத்தும் தொகுத்தும் உரைத்துக்கொண்டிருக்கையில் வண்டி சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. கும்மிருட்டில் அவர் நகர்ந்துகொண்டு, "இப்ப பாருங்க" என்றார்.

அம்மையார் கூச்சலிடவில்லை. பெட்டிப் பணியாளரிடம் போய் விசாரித்தார். வண்டி மலையேறித் திரும்பும்போது அதே ஜன்னலில் ஏரி இன்னொரு தரம் தெரியும், அதை விட்டால் கிடையாது என்றார் அவர். திரும்பி வந்து பார்த்தால், நிதானப் பயணி அடுத்த உரைக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். எத்தனையோ வக்கீல்களின் வாதங்களைத் தட்டச்சு செய்த அம்மையாருக்கு ஒன்று தெரியும்: பேசுகிறவனை மறுத்து நிறுத்த முடியாது, ஒத்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும்.

"நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க. ஆனா இதுக்கும் மேல நிதானமானவங்க இருக்காங்களாம். ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டாங்களாம். கண்ணை மூடிக்கிட்டு, வாயைத் திறக்காம, வண்டி ஆடுறதை வச்சே ஏரியை உணர்ந்துடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"அதுக்கெல்லாம் பக்குவம் வேணும், எல்லாராலயும் ஆகாதுன்னாங்க."

தம்மைவிட மெதுவான ஒருவர் உலகில் இருப்பதை எந்த நிதானப் பயணி பொறுப்பார்? அவரை முந்தியாக வேண்டாமா? சட்டென்று உட்கார்ந்தார், அவ்வளவு வேகத்தை அந்த வண்டி அதுவரை கண்டதில்லை. கண் மூடியது. வாயும் மூடியது.

பக்கத்தில் சீடரும் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு மூடுறீங்க?"

"பக்குவம் வேணும்னியேம்மா."

"பக்குவம் வேணுமா, நான் வேணுமா?"

ஓட்டுநர் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார். மலைச்சரிவு விலகியது. வெகு கீழே, மேகத்தின் நிழலை மெல்ல இழுத்துக்கொண்டு, முழு ஏரியும் கிடந்தது. ஒரே ஒரு படகு, தண்ணீரில் நீளமாகக் கோடு கிழித்துக்கொண்டு போயிற்று. அவர் இன்னொரு கண்ணையும் திறந்தார். விளக்கம் எதுவும் வரவில்லை. கிளம்பலாமா என்றும் கேட்கவில்லை. ஏரியின் விளிம்பு ஜன்னலின் ஓரத்தை நெருங்கியபோது, அவருடைய வலக்கால் மட்டும், ரயிலில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுந்த மிதித்தது. அம்மையார் ஏரியை விட்டுவிட்டு அந்தக் காலைத்தான் பார்த்தார்.

நிதானப் பயணி கண் திறந்தபோது வெளியே வெறும் பாறை. "ஆகா, என்ன ஏரி! நேர்ல பார்த்திருந்தா கெட்டுப்போயிருக்கும்" என்றவர், பின் இருக்கைக்காரரிடம் திரும்பி, கண்ணை மூடும் முறையை விளக்கத் தொடங்கினார். இவ்வினம் பெருகும் விதம் இதுவே.

ஆகவே, வாசகரே, தங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது எவரேனும் எதையேனும் பார்க்க எட்டிக்கொண்டிருக்கிறாரா? தயவுசெய்து முதலில் நகருங்கள். நகர்ந்தபின், தாங்கள் மேற்படி இனத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பதற்கான விளக்கத்தை உரிய சான்றுகளுடன் எழுத்துமூலம் அனுப்பக் கோரப்படுகிறது. வாய்மொழி விளக்கம் ஏற்கப்படமாட்டாது. நிதானமாக அனுப்பிக்கொள்ளலாம் என்று எண்ணுவீராயின், அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவு செய்யப்படும்.