பாலத்தில் நின்றுபோகும் கார் பற்றித் தம்பிக்கு எழுதியது

திருகோணமலை
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி ஹஸ்மி அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சியும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கு நாங்கள் எல்லாரும் சுகம். இந்த வளவில் சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது முற்றத்து மாமரத்தடியில் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நோன்புப் பெருநாளன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நீ அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, முன்பக்கத் தகரத்தில் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ராத்தா, வீட்டில ஜீப் இருக்குத்தான். ரெண்டாவதா ஒரு பழைய கார் பார்க்கிறன். மலிவாவும் இருக்கோணும், ஓடுறதுக்கு ஆசையாவும் இருக்கோணும். என்னத்த வாங்கலாம்?" அப்போது மகள் அம்ராவும் மருமகன் றுவைஸும் பக்கத்தில் நின்றார்கள். அதனால் உன் கையில் வட்டிலாப்பத்தைத் தந்து கதையை மாற்றிவிட்டேன். வட்டிலாப்பம் பதிலாகாது என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் நீ கம்பளையில் பார்த்த காரின் படத்தை அனுப்பி, வருகிற கிழமை முற்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னதும் பேனையை எடுத்துவிட்டேன். குடும்பக் குழுவில் குரல் பதிவு போட்டால் மருமகன் வரைக்கும் கேட்பார்கள். ஆகவே கடிதம்.

நான் ஏன் கார் வாங்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நோக்கம் விளங்காமல் பாடம் விளங்காது. அம்ராவின் கலியாணத்தோடு வீட்டை எங்கள் வழக்கப்படி அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தேன். எனக்குப் பின்னறை. காற்றும் உண்டு, துறைமுகத்துக் கப்பலின் சத்தமும் உண்டு, ஒரு குறையும் இல்லை. வாகனம் என்றால் மருமகனின் வான்தான். நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். எனக்குத் தோப்பூரில் இருக்கும் நம் தங்கை றுக்கியாவைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. அதுதான் பிரச்சினை. ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்ணீர் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதர் எழுந்து கை கழுவி, போய் எடுத்துக்கொண்டு வருகிறார் என்று வை. இரண்டு தரம் கேட்பாய். மூன்றாம் தரம் தாகத்தோடு இருப்பாய். நானும் அப்படித்தான் றுக்கியாவின் முகம் பாராமல் மாதக்கணக்காக இருந்தேன். யாரிடமும் கேட்காமல் தோப்பூருக்குப் போய்வர வேண்டும். என் ஆசை இவ்வளவுதான் தம்பி. அதற்காகத்தான் ஓய்வு பெற்ற பிறகு, பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு வரிசையில் நின்று, லைசென்சும் எடுத்தேன்.

கார் தேடப் போன இடத்தில்தான் தெரிந்தது, இந்த ஊரில் விஞ்ஞானம் படிப்பித்த ஒருத்திக்குப் பழைய கார் வாங்க ஏலாது என்று. விற்பவன் எல்லாம் என்னிடம் படித்தவன். நான் ஒன்றும் கேட்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலே போதும், பரீட்சையில் பார்த்து எழுதியவன் போல எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். சஜீத் என்று ஒருவன், நல்ல பிள்ளை, வெள்ளைக் கார் ஒன்றை மெழுகு பூசி மினுக்கி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான்.

"டீச்சர், உங்களுக்கு மட்டும் இத விக்க மாட்டன்."

"ஏன்டா, என்ன பிழை?"

"அடியில தகரம் இல்ல டீச்சர். கால்மிதி மட்டுந்தான் இருக்கு. கடல் காத்துத் திண்டிட்டு."

"அப்ப ஆருக்குடா விக்கப் போற?"

"கணக்குப் படிப்பிச்ச சேர் நாளைக்கு வாறன் எண்டவர் டீச்சர்."

இப்படியே கிண்ணியாவிலும் மூதூரிலும் மாணவர்களின் அன்பினாலேயே நான் காரில்லாமல் திரும்பி வந்தேன். கடைசியில் என்னிடம் படிக்காத ஒரு மனிதரைத் தேடிப் பிடித்தோம். அவர் கப்பல்துறையில் இருக்கும் குணரத்தினம். அவருடைய காரின் சாதியைச் சொல்ல மாட்டேன். செய்தவர்கள் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறார்கள், இருக்கட்டும். சின்னது, சிவப்பு, இரண்டே கதவு. அதன் வயதைக் கேட்டதற்கு அவர், "அம்மா, வயசப் பாக்காதீங்கோ, வடிவப் பாருங்கோ, நிண்டாலும் வடிவா நிக்கும்" என்றார். "ஓடேக்க எப்பிடி?" என்றேன். "ஓடேக்க நான் உள்ளுக்க இருக்கிறனான், அம்மா. வெளியில நிண்டு பார்த்ததில்ல" என்றார். அந்த இடத்திலேயே நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை நாங்கள் விட்டோம். மருமகனும் என்னிடம் படித்தவர்தான். பத்தாம் வகுப்பில் முன் வாங்கில் இருந்தவர். ஆனால் நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து நான் மாமி, அவர் மருமகன். நேருக்கு நேர் நின்று கதைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை. ஒரு வகுப்பையே ஒரு சத்தத்தில் அடக்கிய நான், அவருக்குச் சோறு போதுமா என்பதைக்கூட அம்ராவிடம்தான் கேட்பேன். அன்றைக்குக் குணரத்தினத்தின் வளவிலும் அப்படியே. அவர் குணரத்தினத்தை ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்த்துவிட்டு வந்து கிணற்றடியில் நின்றார். நான் அம்ராவை ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்த்துவிட்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தேன். நடுவில் வளவின் முழு நீளம். அம்ரா தபால்காரி.

"மகள், அவரிட்டச் சொல்லு. கியர் போடேக்க அம்மியில கொச்சிக்காய் அரைக்கிற சத்தம் வருது. எனக்குத் துண்டாப் பிடிக்கல்ல."

அவள் கிணற்றடிக்குப் போனாள், நின்றாள், தலையாட்டினாள், வந்தாள். "உம்மா, அவருக்கு நல்லாப் பிடிச்சிருக்காம். இதவிட நல்ல கார் கிடைக்காதாம்."

அன்றைய ஹயர் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிற மருமகன் பிடித்திருக்கிறது என்கிறார். நான் எப்படி மறுப்பேன்? "அப்ப அவர்ட விருப்பம்" என்றேன். அவள் மறுபடி போய் வந்தாள். "மாமிட விருப்பந்தான் தன்ட விருப்பமாம்." குணரத்தினம் தந்த தேத்தண்ணி ஆறும் முன்பே கார் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? இடப்பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடிக்கிறது, வலப்பக்கம் திருப்பினால் அமத்தினாலும் அடிக்காது, ஆகவே ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் சந்தியில் திரும்பி ஊரார் வாயில் விழாமலிருக்க மூன்று தெரு சுற்றி வலமாகவே போய் வருகிறேன், மற்ற நாட்களில் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரர்கள் நான் சலாம் சொல்வதாக எண்ணிக் கை உயர்த்துகிறார்கள், நானும் உயர்த்த வேண்டியிருக்கிறது, உயர்த்தினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. இடக்கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும், ஆகவே பக்கத்தில் ஏற்றுகிற ஆளை நான்தான் இறங்கிச் சுற்றிப் போய் இறக்க வேண்டும், மாப்பிள்ளை இறக்குவது போல. கண்ணாடி ஏறாது. மழை பெய்தால் உள்ளுக்குள்ளும் குடை. சந்தையடியில் நிறுத்திவிட்டு மீன் வாங்கிக்கொண்டு வருவதற்குள், நம் ஊர் மான்கள்தான் உனக்குத் தெரியுமே, இரண்டு மான்கள் தலையை உள்ளே விட்டுப் பின் சீற்றின் தும்பை இழுத்துத் தின்றுகொண்டு நின்றன. விரட்டினேன். ஒன்று வாயில் தும்போடு என்னைப் பார்த்த பார்வை, இன்னும் இருக்கிறதா என்று கேட்பது போல இருந்தது.

இதெல்லாம் பொறுக்கலாம் தம்பி. பொறுக்க முடியாதது தோப்பூர்ப் பயணம். ஒவ்வொரு முறையும் விடியவே பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுவேன். சீனன்குடா வரைக்கும் அது குதிரைக்குட்டி. கிண்ணியாப் பாலத்தின் நடுவில் போனதும் இருமும், குலுங்கும், நிற்கும். நீளமான பாலம். அந்தப் பக்கமும் தண்ணீர், இந்தப் பக்கமும் தண்ணீர், நடுவில் நான். பின்னால் வருகிற லொறிக்காரனிடம், "மகன், கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்ச வேண்டும். பிறகு? மருமகனுக்குப் போன். அவர் ஹயரை இறக்கிவிட்டு வானில் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். முன்பு வீட்டிலிருந்து கேட்டேன். இப்போது நடுப்பாலத்தில் நின்று கேட்கிறேன். இரண்டாவது வாகனம் வாங்கி நான் அடைந்த முன்னேற்றம் இதுதான். றுக்கியாவோ, "வாறன் வாறன் எண்டு சொல்றா, கறி ஆக்கி வச்சா வாறா இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம்.

போன கிழமையும் நின்றது. மருமகன் வந்தார். அம்ரா கூட இல்லை. கயிறு கட்டியாயிற்று. வானில் ஒருவர் இருக்க வேண்டும், காரில் ஒருவர் இருக்க வேண்டும், இருவரும் கதைத்துக்கொள்ளாமல் இழுக்க ஏலாது. அவர் காரின் ரயரைப் பார்த்துச் சொன்னார், "நான் இழுக்கேக்க சடாரெண்டு பிறேக்க மிதிக்கப்படாது." நான் பாலத்துக் கம்பியைப் பார்த்துச் சொன்னேன், "பிறேக் மிதிச்சாலும் பிடிக்காது." ரயரும் கம்பியும் என்ன செய்யும் பாவம்? கடைசியில் அவர் தலையை நிமிர்த்தினார்.

"மாமி, நான் அண்டைக்கே வேணாம் எண்டுதானே சொன்னனான்."

"எப்ப மருமகன்?"

"கப்பல்துறையில. எஞ்சின் முடிஞ்சுது, வாங்க வேணாம் எண்டு மாமிட்டச் சொல்லு எண்டன். மாமிக்கு இந்தக் கார் எண்டா உயிராம் எண்டு அம்ரா வந்து சொன்னா. உங்கட மனச நோகப் பண்ண ஏலுமா?"

பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முதல் முறையாக முழுதாகப் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் குசினிக்குள் போனோம். அம்ரா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க ஏலாமல், "எனக்குத்தான் உம்மா பிடிச்சிருந்திச்சு. அந்தச் சிவப்பு! உங்க ரெண்டு பேரிட மரியாதைக்குள்ளால எனக்கு ஒரு கார் கிடைச்சிச்சு" என்றாள். சொந்த மகள். சொந்த மாணவி.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில்: ஒன்றையும் வாங்காதே. மலிவாகக் கிடைப்பது ஓடாது, ஓடுவது மலிவாகக் கிடைக்காது. ஆசை என்கிறாய். ஆசையை முற்றத்தில் கட்டி வைத்தால் அதற்குப் பற்றரியும் பெற்றோலும் போட வேண்டும். இந்தக் காரைப் பார்க்க வெள்ளிக்கிழமை இலங்கைத்துறையிலிருந்து ஒருவர் வருகிறார். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, பழையபடி மருமகனிடம் கேட்டே போவேன். எனக்கு விதித்தது அவ்வளவுதான்.

உனக்கும் மச்சிக்கும் நீண்ட ஆயுளும், பிள்ளைகளுக்குப் படிப்பும், ஜீப்புக்கு ஆரோக்கியமும் கிடைக்க துஆச் செய்கிறேன். வஸ்ஸலாம்.

உன் அன்பு ராத்தா,
றஹ்மா

பி.கு.: தபாலில் சேர்க்கச் சுணங்கிவிட்டது. இன்றைக்குச் சனிக்கிழமை. மேலே எழுதியதை அழிக்கச் சோம்பலாக இருக்கிறது, ஆனால் நீ அதை நம்ப வேண்டாம். இலங்கைத்துறைக்காரர் நேற்று வந்தார். கடைசியாக ஒரு தரம் இருந்து பார்ப்போம் என்று ஏறி இருந்தேன். அவர் முற்றத்தில் காத்திருந்தார், தேத்தண்ணி குடித்தார், பிஸ்கட் சாப்பிட்டார். எனக்கு இறங்க மனம் வரவில்லை. "மாமி இறங்க மாட்டா போல, நீங்க போங்க" என்று மருமகன்தான் அவரை அனுப்பி வைத்தார். பிறகு இருவரும் கராஜுக்குக் கொண்டுபோய் எதையோ கழற்றி, ஊதி, மாட்டினோம். இன்று காலை தோப்பூருக்குப் புறப்பட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. மருமகன் கேற்றடியில் வந்து நின்று, "மாமி, இண்டைக்கு எனக்கு ஹயர் இல்ல. நானும் வரட்டா?" என்று என்னைக் கேட்டார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றேன். பாலத்தில் இருமியது, நிற்கவில்லை. இதை றுக்கியாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன், கை முழுக்க மீன்கறி வாசம்.

நீ கம்பளைக்குப் போனால், முற்பணம் கொடுக்கும் முன், எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தக் காருக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார், இறங்க மனம் வருகிறதா என்று.