பம்மல் தாமுவும் எங்கள் ஸ்டெப்னியும்

தாம்பரத்துக்குத் தெற்கே ஹாக்கி மட்டையைத் தொட்டவர்களில் ஸ்டெப்னி அளவுக்கு மோசமாக ஆடியவரும் இல்லை, அவரளவுக்குக் கைதட்டல் வாங்கியவரும் இல்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்று ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். இரும்புலியூர் டீமுக்கு நான் கோல்கீப்பர். வாரத்தில் ஆறு நாள் எலெக்ட்ரிக் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலில் பேடு கட்டிக்கொண்டு கோல் வாங்குபவன். கேப்டன் பெஞ்சமின் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்டெப்னிக்கு மார்க்கெட் பக்கம் ஒரு சோடா கம்பெனியில் வேலை. சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. பதினோரு பேரில் யாராவது பஞ்சரானால் மாட்டப்படுகிறவர் என்பதால் ஸ்டெப்னி. இடைவேளையில் ஓசி சோடா கிடைக்கும் என்றுதான் அவரை டீமில் வைத்திருந்தோம் என்று சிலர் சொல்வார்கள். நான் மறுப்பதற்கில்லை.

ஆனால் கூட்டத்துக்கு வேறு யாரும் வேண்டாம். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள், "ஸ்டெப்னிய மாட்டு சார்" என்று நாலு பக்கமும் ஆரம்பித்துவிடுவார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தும் அவருக்காக வெளியே வரவேண்டிய எங்கள் ரைட் அவுட்டுக்கு அழுகையே வந்துவிடும்.

ஒருமுறை இடைவேளைக்குப் பிறகு இறக்கினோம். பக்கம் மாறியதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பந்தை வாங்கியவர் நேராக என்னை நோக்கி ஓடிவந்து ஓங்கி அடித்தார். அவர் வாழ்நாளிலேயே நேராகப் போன பந்து அதுதான். எப்படியோ காலை நீட்டித் தடுத்தேன். ஸ்டெப்னி என் தோளில் தட்டி, "சோக்கா புடிச்ச சார்" என்றார். கூட்டம் ஐந்து நிமிஷம் கைதட்டியது. எனக்கா, அவருக்கா, இன்றுவரை தெரியாது.

பெஞ்சமின் சார் ஒரு வாரம் யோசித்து, அவருக்கென்று ஒரே ஒரு வேலை கொடுத்தார்.

"பந்து எங்க போனாலும் நீ கவலைப்படாத. அவங்க டீம்ல நல்லா ஆடறவன் ஒருத்தன் இருப்பான். அவன் கூடவே இரு. அவன விட்டுடாத."

"எம்மா நேரம் சார்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அன்றுமுதல் ஸ்டெப்னி ஆளை விடவில்லை. பீர்க்கன்கரணைக்காரர்களோடு ஆடியபோது அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டைத் தொடர்ந்து போய், இடைவேளையிலும் அந்த டீமோடேயே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் கேப்டன் இரண்டாம் பாதிக்குத் திட்டம் சொன்னார். ஸ்டெப்னி தலையாட்டிக் கேட்டார். ஆரஞ்சுச் சுளைகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் பெஞ்சமின் சார் ஆவலாக, "என்ன பிளான் போட்டாங்க?" என்று கேட்டார்.

"அத்த எப்டி சார் சொல்றது? நம்பிக் குந்த வெச்சாங்கோ."

அந்த வருஷம் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். எதிரில் பம்மல் டீம். அதில் தாமு என்று ஒருவன், தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்ப்பவன். அவன் மட்டையிலிருந்து பந்தைப் பிரிக்க உளி வேண்டும். அவனுக்காகவே ஸ்டெப்னியை முதல் நிமிஷத்திலிருந்து இறக்கினார் பெஞ்சமின் சார். ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதால் கூட்டத்துக்கு என்ன கத்துவதென்று புரியவில்லை.

ஒரு கோல் போட்டு முந்தியிருந்தோம். இரண்டாம் பாதியில் ஸ்டெப்னியைச் சுற்றிக்கொண்டு போகத் திரும்பிய தாமுவின் கால் ஒரு பள்ளத்தில் மாட்டி மடங்கியது. அலறலே சொல்லிவிட்டது, எலும்பு என்று. நாலு பேர் தூக்கிப்போய் சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில், மட்டையோடு, ஸ்டெப்னியும் ஏறி உட்கார்ந்தார்.

ரிக்‌ஷா ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பம்மல் டீம் வேறு ஆளை இறக்கிவிட்டது. எங்களிடம் இறக்க ஸ்டெப்னி இல்லை. கூட்டமும் ரிக்‌ஷாவுக்குப் பின்னாலேயே போய்விட்டது. மீதி ஆட்டத்தைப் பத்துப் பேராக, தலைதெறிக்க ஓடி ஆடினோம். பந்து என் பேடு, முழங்கை, நெற்றி என்று எங்கெங்கோ பட்டு வெளியே போனது. ஜெயித்தோம். கோப்பையை வாங்கித் திரும்பிப் பார்த்தால் எதிரே இரண்டு மாடுகள் நின்றிருந்தன.

பெஞ்சமின் சார் கோப்பையோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். தாமு மாவுக்கட்டோடு படுத்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் ஸ்டெப்னி, மடியில் மட்டை.

தாமுதான் முதலில் பேசினான். "சார், இவருக்குக் கொஞ்சம் சொல்லுங்க. எக்ஸ்ரே ரூமுக்குள்ளயும் வந்துட்டாரு."

"ஏன்யா வந்த? அங்க பத்துப் பேரா நின்னு செத்தோம்."

"நீங்க போதும்னு சொல்லலயே சார்."

பெஞ்சமின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இப்ப சொல்றேன். போதும். எழுந்து வா."

ஸ்டெப்னி அசையவில்லை. "இப்ப போதும்னா எப்டி சார்? அவனுக்கு வூட்ல யாரும் இல்ல. ஆறு மணிக்கு மாத்திர குடுக்கணும்."

அதற்குப் பிறகு மூன்று மாதம், கட்டு பிரிக்க, காலைக் காட்ட என்று பம்மலிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தாமுவை சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்துக் கொண்டுவந்தவர் ஸ்டெப்னிதான். கால் தேறியதும் எங்கள் மைதானத்திலேயே அவனை ஓடவிட்டுப் பழக்கினார். பெஞ்சமின் சாருக்குத் தாங்கவில்லை.

"அவனக் குணப்படுத்தி நமக்கு எதிரா விடப்போறியா? உனக்கே நியாயமா இருக்கா?"

ஸ்டெப்னி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "குணமானாத்தான சார் நான் புடிக்க முடியும்?"

கணக்கு வாத்தியாருக்கு இதில் எங்கே தப்பு என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் பம்மல் டீமோடு மறுபடி மோதினோம். தாமுவின் கால் நன்றாகவே தேறியிருந்தது. மூன்று கோல் போட்டான். மூன்று முறையும் அவனைப் பிடிக்கப் போன ஸ்டெப்னி மண்ணில் உருண்டார். மூன்றாவதைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்த தாமு, கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டான். வாய் நிறைய மண்ணோடு ஸ்டெப்னி, "கால் வலிக்குதாடா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பந்தை எடுக்க வலைக்குள் குனிந்தவன், மட்டையைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டினேன்.